கம்பத்து நிழலில் நான்கு பேர்

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழும். அனுப்புகிறவர் எப்போதும் சித்தப்பாதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எந்த நாட்டில் என்ன விலை என்று எல்லாவற்றையும் ஒரே நாணயத்துக்கு மாற்றி, மலிவான நாடுகளை மேலேயும் விலை கூடிய நாடுகளைக் கீழேயும் அடுக்கி, பக்கத்தில் அந்தந்த நாட்டுக் கொடியையும் ஒட்டியிருப்பார்கள். மேல் வரிசையில் வெனிசுவேலா, ஈரான், லிபியா, குவைத். அடிவரிசையில் நார்வே, நெதர்லாந்து, ஹாங்காங். பட்டியலுக்குக் கீழே சித்தப்பா ஒரே ஒரு வரி சேர்ப்பார்: "கொடுத்து வைத்தவர்கள்." மேலே இருப்பவர்களைத்தான் சொல்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. எனக்கும் வந்ததில்லை, 2019 ஜூலை வரைக்கும்.

அந்தப் பட்டியலில் ஒரு முடிச்சு இருப்பதை மட்டும் முன்பே கவனித்திருந்தேன். குவைத்தும் எண்ணெய் எடுக்கிறது, நார்வேயும் எடுக்கிறது. ஒன்று பட்டியலின் உச்சியில், இன்னொன்று அடியில். நார்வே தன் எண்ணெய் வருமானத்தை 1990-இல் சட்டம் போட்டு உருவாக்கிய ஒரு நிதியத்தில் சேர்த்து வைக்கிறது. தன் மக்களுக்கு விற்கும் பெட்ரோலுக்கோ கடுமையாக வரி போடுகிறது. மின்சாரக் காருக்கு நீண்ட காலம் வரிவிலக்குக் கொடுத்தது. 2024-இல் அங்கே விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய 89 விழுக்காடு பேட்டரியில் ஓடுபவை. சொந்த நிலத்து எண்ணெயைச் சொந்த மக்களுக்கு ஏன் இவ்வளவு விலைக்கு விற்க வேண்டும் என்று ஒருமுறை குழுவில் கேட்டேன். "அவர்கள் பணக்காரர்கள், தாங்குவார்கள்" என்று பதில் வந்தது. குவைத்தும் பணக்கார நாடுதானே என்று அடுத்த கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மூன்று நாட்கள்

வேலை நிமித்தமாக அந்த வருடம் நான்கு மாதம் குவைத்தில் இருந்தேன். நிறுவனம் ஒரு வாடகைக் கார் கொடுத்திருந்தது. 95 ஆக்டேன் பெட்ரோல் லிட்டருக்கு 105 ஃபில்ஸ். ஆயிரம் ஃபில்ஸ் ஒரு தினார். 50 லிட்டர் தொட்டி ஐந்தேகால் தினாரில் நிரம்பிவிடும். முதல் முறை நிரப்பியபோது பங்க் ஊழியர் சொன்ன தொகையைத் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று இரண்டாம் முறை கேட்டேன். அன்று இரவே சித்தப்பாவுக்கு ரசீதைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் எத்தனை பேருக்கு அதை அனுப்பியிருப்பார் என்று தெரியாது.

ஜூலை நடுவில் அந்தக் கார் பழுதாகிப் பட்டறைக்குப் போனது. மாற்றுக் கார் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். டாக்சியில் போயிருக்கலாம். நகரத்திலிருந்து பஹாஹீல் பக்கம் போகும் சாலையில் தினமும் நான் கடந்துபோகும் ஒரு பஸ் நிறுத்தம் நினைவுக்கு வந்தது. மூன்று நாள்தானே, பஸ்ஸில் போய்ப் பார்ப்போம் என்று இறங்கிவிட்டேன்.

நிறுத்தம் என்றால் ஒரு கம்பம், அதில் ஒரு தகடு, கீழே மணல். அவ்வளவுதான். பிற்பகல் மூன்று மணி. வெப்பமானி 46 காட்டியது. நான் போனபோது நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல, ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு வரிசை என்று நினைத்து நானும் பின்னால் போய் நின்றேன். வரிசை சாலையை நோக்கி இல்லாமல் குறுக்கே மணலுக்குள் நீண்டிருந்தது. ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்தில் ஒரு தெருவிளக்குக் கம்பம். அதன் நிழல் ஒரு முழ அகலத்துக்குக்கூட இல்லை. அந்த நிழலுக்குள் நான்கு பேரும் தலையைக் கொடுத்து நின்றிருந்தார்கள். நிழல் நகர நகர, யாரும் எதுவும் சொல்லாமலே, வரிசை முழுவதும் அரை அடி அரை அடியாக நகர்ந்தது.

எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துத் தமிழில் பேசினார். ஐம்பதை ஒட்டிய வயது. ஒரு அலுவலகத்தில் தேநீர் போடுவதும் கோப்புகளை மாடிக்கும் கீழுக்கும் கொண்டுபோவதும் அவர் வேலை. கையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பழைய துண்டில் சுற்றியது. இரவே அதில் முக்கால்வாசி நீர் ஊற்றி உறைய வைத்து, காலையில் அலுவலகக் குளிர்பெட்டியில் போட்டு, திரும்பும்போது எடுத்துக்கொள்வாராம். "ஐஸ் கரைந்து முடிவதற்குள் பஸ் வந்துவிட்டால் நல்ல நாள் சார்" என்றார். துண்டை விலக்கிக் காட்டினார். நடுவில் ஒரு எலுமிச்சைப்பழ அளவு ஐஸ் மிதந்தது. "எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் அண்ணே?" என்று கேட்டேன். "அரை மணி நேரம் இருக்கும்" என்றார். அந்த ஐஸும் கரைந்து, அவர் பாட்டிலை வாயில் கவிழ்த்துக் குடித்து முடித்து, அதற்குப் பிறகும் பத்து நிமிடம் கழித்துத்தான் பஸ் வந்தது. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கட்டணம் 250 ஃபில்ஸ். ஏறிய பிறகு, அந்த ஊரின் மலிவான பெட்ரோலில் ஓடும் கார்களின் நடுவே சிக்கி, பஸ் ஊர்ந்தது. பாலைவனத்து நெடுஞ்சாலை எத்தனை அகலமாக இருந்தால் என்ன, ஆளுக்கொரு கார் வந்தால் அதுவும் நிறைந்துவிடுகிறது.

குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நல்ல விதி. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அது வேலை செய்கிறவருக்குத்தான். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறவரை அது கணக்கில் எடுக்கவில்லை. அன்று நாங்கள் நின்றது அந்த விதி தடைசெய்த நேரத்தின் கடைசி மணி நேரத்தில்.

இரண்டாம் நாள் அவரிடம் கேட்டேன்: இவ்வளவு மலிவாகப் பெட்ரோல் கிடைக்கும்போது நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கிக்கொண்டால் என்ன? அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, விஷயம் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமைதான் இருந்தது. வெளிநாட்டவர் ஓட்டுநர் உரிமம் வாங்க வேண்டுமானால் மாதச் சம்பளம் 600 தினார் இருக்க வேண்டும், பட்டப்படிப்பு வேண்டும், இரண்டு வருடம் குடியிருந்திருக்க வேண்டும். ஓட்டுநர் வேலைக்கே வந்தவர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. அவருடைய சம்பளம் 90 தினார். அந்த நாட்டில் வாழ்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் வெளிநாட்டவர்.

அன்று இரவு அறைக்கு வந்து ஒரு தாளில் கணக்குப் போட்டேன். மாதத்தில் 26 நாள், போக வர ஒரு நாளைக்கு 500 ஃபில்ஸ், மொத்தம் 13 தினார். 90-இல் 13. சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு பஸ்ஸுக்குப் போகிறது. அதே 13 தினாரைக் கொண்டுபோய்ப் பங்க்கில் கொடுத்தால் 120 லிட்டருக்கு மேல் பெட்ரோல் போடுவார்கள். என் கார் அதில் ஒரு மாதத்தின் பாதிக்கு மேல் ஓடிவிடும். அந்தக் காசையும் நான் கொடுப்பதில்லை, நிறுவனம் கொடுக்கிறது. உலகத்திலேயே மலிவான பெட்ரோல் விற்கும் நாடுகளில் ஒன்றில் நின்றுகொண்டு, அந்த மலிவில் ஒரு ஃபில்ஸ்கூடத் தன் கைக்கு வராத மனிதரோடு இரண்டு நாளாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். சித்தப்பாவின் பட்டியலில் அந்த நாட்டுக் கொடிக்குப் பக்கத்தில் இருக்கும் எண் என்னுடைய எண். அவருடைய எண் அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

மானியம் யார் வீட்டுக்குப் போகிறது

ஊர் திரும்பிய பிறகும் அந்தத் தாளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். சர்வதேச நாணய நிதியம் 2013-இல் வளரும் நாடுகளின் எரிபொருள் மானியங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. பெட்ரோல் மானியத்தில் 100 செலவழித்தால் அதில் 60-க்கு மேல் வசதியில் உச்சியில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்கு மக்களுக்குப் போகிறது, அடியில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கு 3-ஐ ஒட்டித்தான் வருகிறது என்று அது சொன்னது. படித்ததும் கம்பத்து நிழல்தான் கண்ணில் வந்தது. மலிவான பெட்ரோல் என்பது தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுக்கும் பணம். பெரிய தொட்டிக்கு நிறைய, சின்னத் தொட்டிக்குக் கொஞ்சம், தொட்டியே இல்லாதவருக்கு ஒன்றுமில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு வசதியான முடிவு கிடைத்திருக்கும்: விலையை ஏற்று, வரும் பணத்தில் பஸ் விடு. ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தேன். குழுவில் சித்தப்பாவோடு இதற்காகச் சண்டைகூடப் போட்டேன். பெரியவரிடம் அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க வேண்டாம். அவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. "டீசல் விலை ஏறினால் முதலில் பஸ் டிக்கெட்தானே ஏறும்? உன் குவைத்து நண்பருக்குத்தானே அதுவும் விழும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது வெனிசுவேலாவில் 1989-இல் அப்படியே நடந்திருக்கிறது. அதிபர் கார்லோஸ் அந்திரேஸ் பெரெஸ் பதவியேற்ற அதே மாதத்தில் பெட்ரோல் விலையை இருமடங்காக்கினார். பஸ் கட்டணத்தை 30 விழுக்காடு ஏற்றிக்கொள்ளலாம் என்று அரசு அனுமதித்திருந்தது. பிப்ரவரி 27, திங்கட்கிழமை காலை, தலைநகர் கராகஸுக்குப் பக்கத்தில் இருக்கும் குவாரேனாஸ் என்ற ஊரிலிருந்து வேலைக்கும் கல்லூரிக்கும் புறப்பட்டவர்களிடம் பஸ்காரர்கள் அதற்கும் மேலே, சில இடங்களில் இரு மடங்கு கேட்டார்கள். மாதக் கடைசி. பையில் காசு இருக்கிற நாளா அது? பஸ் நிலையத்தில் தொடங்கிய தகராறு மாலைக்குள் கராகஸ் முழுவதும் பரவியது. ராணுவம் இறங்கியது. அரசுக் கணக்கிலேயே 270-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உண்மையான எண்ணிக்கை அதைவிட அதிகம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த நாட்டில் அதற்குப் பிறகு பெட்ரோல் விலையில் கை வைக்க ஆட்சியாளர்கள் பல ஆண்டுகள் அஞ்சினார்கள். அன்று காலை கலகம் செய்தவர்களில் பெரும்பாலோருக்குக் கார் கிடையாது. அவர்கள் சண்டை போட்டது பஸ் நடத்துநரோடு.

2023-இல் இது இன்னும் பக்கத்தில் வந்து நின்றது. மே 29 அன்று நைஜீரியாவில் பதவியேற்ற போலா டினுபு தன் முதல் உரையிலேயே பெட்ரோல் மானியம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். மானியத்தின் சுமை பொய்யில்லை. 2022-இல் மட்டும் 4 லட்சம் கோடி நைராவுக்கு மேல் அதற்குப் போனது. அந்த மலிவான பெட்ரோல் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டு, அண்டை நாடான பெனினில் சாலையோர மேசைகளில் கண்ணாடிக் குடுவைகளில் விற்றதும் ஊரறிந்த விஷயம். ஆனால் உரை முடிந்த இரண்டாம் நாள் லாகோஸில் லிட்டர் 190 நைராவை ஒட்டியிருந்த விலை 488 ஆகிவிட்டது. லாகோஸ் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் பெண்மணி அந்த வாரம் தொலைபேசியில் பேசினார். அவருக்குக் கார் இருக்கிறது, சமாளித்துக்கொண்டார். டான்ஃபோ என்று சொல்லும் மஞ்சள் சிற்றுந்துகளில் போகிறவர்களுக்குத்தான் கட்டணம் கிடுகிடுவென ஏறியது. அவை தனியார் வண்டிகள், பெட்ரோலில் ஓடுபவை, அன்றைக்குப் பங்க்கில் கொடுத்ததை அன்றைக்கே பயணியிடம் வாங்கிவிடுவார்கள். "எங்கள் மாடியைப் பெருக்கும் அம்மா இப்போது பாதி வழி நடந்துதான் வருகிறார். எட்டு மணிக்கு வருகிறவர் பத்து மணிக்கு வருகிறார். நாங்கள் யாரும் எதுவும் கேட்பதில்லை" என்றார்.

நான் ஒரு வருடமாகப் பரிந்து பேசிய விலையேற்றம் இதுதான். மலிவு விலையில் பங்கு கிடைக்காத அதே மனிதருக்குத்தான் விலையேற்றத்தில் மட்டும் முதல் பங்கு கிடைக்கிறது. சித்தப்பாவைக் கூப்பிட்டு, நீங்கள் சொன்னது சரி என்று சொன்னேன். அவர் அதைப் பெரிதுபடுத்தாமல், "சரி, அப்படியானால் என்னதான் செய்வது?" என்று கேட்டார்.

முக்கால் தொட்டி

அந்தக் கேள்வியோடு நான் யோசித்த ஊர்களில் முதலாவது சிங்கப்பூர். அங்கே இருக்கும் நண்பர் காரில் ஒருமுறை ஜொகூர் பாலத்தைக் கடந்து மலேசியாவுக்குப் போனோம். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்கு முன்னால் அவர் காரை நிறுத்தி, எரிபொருள் முள்ளை விரலால் தொட்டுப் பார்த்தார். முள் முக்காலுக்கு ஒரு நூல் கீழே இருந்தது. திரும்பிப் போய் சிங்கப்பூர் விலையில் பத்து லிட்டர் போட்டுக்கொண்டு வந்தோம். சிங்கப்பூரில் பதிவான கார் முக்கால் தொட்டிக்குக் குறைந்து நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது. 1991 முதல் இருக்கும் விதி இது, மீறினால் 500 டாலர் வரை அபராதம். அந்தப் பக்கம் மலேசியாவில் மானிய விலையில் பெட்ரோல். மலேசியாவும் தன் பங்குக்கு, வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கு மானியப் பெட்ரோலான ரான்-95 விற்பதை 2010-இல் தடை செய்துவிட்டது. ஒரு கிலோமீட்டர் நீளப் பாலத்தின் இரு முனைகளில் இரண்டு விலைகள். விடியற்காலையில் அந்தப் பாலத்தின்மேல் ஆயிரக்கணக்கான மோட்டார்சைக்கிள்கள் மலிவுப் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு விலை கூடிய ஊரை நோக்கி வேலைக்குப் போகின்றன.

பட்டியல்படி பார்த்தால் கொடுத்து வைத்தவர்கள் பாலத்தின் வடக்கே இருப்பவர்கள். சிங்கப்பூரில் கார் வைத்திருப்பது எவ்வளவு பெரிய செலவு என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஒரு சின்னக் காரைப் பத்து ஆண்டுகள் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழே 2023-இல் ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. ஆனால் எனக்கு அங்கே பிடித்துப்போனது வேறொன்று. ரயில் நிலையத்திலிருந்து நண்பர் வீடு வரை மழையில் நடந்தோம், நனையவில்லை. நிலையத்தைச் சுற்றி 400 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு எல்லாவற்றுக்கும் கூரை போட்ட நடைபாதை அமைக்கும் திட்டத்தை 2013-இல் தொடங்கி, ஐந்து ஆண்டுகளில் 200 கிலோமீட்டர் கூரை போட்டிருக்கிறார்கள். இருநூறு கிலோமீட்டர் நிழல்! அந்தக் கூரையின் கீழ் நடக்கும்போது எலுமிச்சைப்பழ அளவு ஐஸ் ஞாபகம் வந்து, நண்பர் சொல்லிக்கொண்டிருந்த எதுவும் காதில் ஏறவில்லை. போக்குவரத்து என்றால் பஸ்ஸும் ரயிலும் என்று நினைக்கிறோம். பஸ் வரும்வரை நிற்கிற இடத்தை யாரும் அந்தச் செலவில் எழுதுவதில்லை. அதை எழுதிய அரசு ஒன்றாவது இருக்கிறதே என்று மனம் நிறைந்தது.

சிங்கப்பூர் சின்ன ஊர், பணம் இருக்கிறது, எல்லோராலும் முடியுமா என்று உடனே கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பணம் இருந்தும் தடுமாறிய நாடுகளையும் பார்த்திருக்கிறோம். லக்சம்பர்க் 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதும் பஸ், டிராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு எல்லாவற்றையும் இலவசமாக்கியது. பெட்ரோலோ அண்டை நாடுகளைவிட மலிவு. பெல்ஜிய எல்லையில் மார்டெலாஞ்ச் என்ற ஊர் இருக்கிறது. ஒரே சாலை, ஒரு பக்கம் பெல்ஜியத்து வீடுகள், எதிர்ப்பக்கம் லக்சம்பர்க்கின் பெட்ரோல் பங்குகள் வரிசையாக. தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வரும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் காரில்தான் வருகிறார்கள். ஒரு கையால் பஸ்ஸை இலவசமாக்கி, மறு கையால் தொட்டியை நிரப்பிக் கொடுத்தால் சாலை எப்படிக் காலியாகும்?

ஜெர்மனி 2022 கோடையில் இதையே ஒரே நாளில் செய்தது. உக்ரைன் போரால் விலை ஏறியபோது, ஜூன் 1 அன்று இரண்டு சலுகைகள் ஒன்றாகத் தொடங்கின. பெட்ரோல், டீசல் வரிக் குறைப்பு ஒன்று. மாதம் 9 யூரோவுக்கு நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பஸ், டிராமில் போகலாம் என்ற டிக்கெட் இன்னொன்று. இரண்டும் ஆகஸ்ட் 31-இல் முடிந்தன. அந்த டிக்கெட் 5 கோடிக்கு மேல் விற்றது. அரசுக்கு ஏறக்குறைய 250 கோடி யூரோ செலவு. பெட்ரோல் சலுகைக்கு அதைவிட அதிகம், 300 கோடிக்கு மேல். டிக்கெட்டின் நினைவு மட்டும் மக்களிடம் நின்றது, அடுத்த வருடம் மே மாதம் 49 யூரோ டிக்கெட்டாகத் திரும்பி வந்தது, பிறகு 58, அப்புறம் 63 என்று ஏறிவிட்டது. இத்தனையிலும் குறையாகவே இருந்தவர்கள் கிராமத்தில் இருப்பவர்கள். நாளைக்கு இரண்டு பஸ் வரும் ஊரில் டிக்கெட் 9 யூரோ ஆனால் என்ன, சும்மா கொடுத்தால் என்ன? நேர்மாறாக, சுவிட்சர்லாந்தில் பெட்ரோலும் விலை, ரயில் டிக்கெட்டும் விலை. ஆனால் 1982 முதல் நாடு முழுவதும் மணிக்கொருமுறை அதே நிமிடத்தில் ரயில் வருகிறது, ரயில் நிற்கும் இடத்தில் மலைக்கிராமத்துக்குப் போகும் மஞ்சள் பஸ் காத்திருக்கிறது. அதை நம்பி ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ளலாம்.

முதலில் எது

சித்தப்பாவின் கேள்விக்கு ஓரளவு பதில் என்று நான் நினைப்பது ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் கிடைத்தது. நகர மையத்துக்குள் வரும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் போட அங்கே முடிவெடுத்தபோது பெரும்பாலோர் எதிர்த்தார்கள். அவர்கள் கட்டணத்தை முதலில் போடவில்லை. 2005 ஆகஸ்டில் ஏறக்குறைய 200 புதிய பஸ்களையும் 16 புதிய வழித்தடங்களையும் விட்டார்கள். கட்டணம் அதற்கு நான்கு மாதங்கள் கழித்து, 2006 ஜனவரி 3-இல் வந்தது, அதுவும் ஏழு மாதச் சோதனையாக. ஜூலை 31-இல் நிறுத்திவிட்டு, செப்டம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். நகரவாசிகள் வேண்டும் என்றார்கள். 2007-இல் நிரந்தரமாயிற்று. இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த இடைப்பட்ட மாதங்கள். புதிய பஸ்கள் மட்டும் ஓடிய அந்த மாதங்களில் கார்கள் ஏறத்தாழக் குறையவே இல்லை. கட்டணம் தொடங்கியதும் நகர மையத்தின் எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பஸ் மட்டும் விட்டால் காரில் போகிறவர் இறங்க மாட்டார். விலை மட்டும் ஏற்றினால் பஸ்ஸில் போகிறவர் இறங்கி நடப்பார், லாகோஸில் அந்த அம்மா நடந்ததுபோல. லண்டனும் 2003 பிப்ரவரி 17-இல் கட்டணத்தைத் தொடங்கிய அன்றே 300 கூடுதல் பஸ்களை விட்டது. பஸ் முதலில் வந்து நிற்க வேண்டும், விலை பிறகு ஏற வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் அடி விழுவது யார் தலையில் என்பதைக் கராகஸும் லாகோஸும் காட்டிவிட்டன. பிரான்ஸில் 2018 நவம்பரில் எரிபொருள் வரியேற்றத்தை எதிர்த்து மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு சாலைச் சந்திப்புகளில் உட்கார்ந்தவர்களும் இதைத்தான் கேட்டார்கள் என்று நினைக்கிறேன்: எங்கள் ஊருக்கு ரயில் இல்லை, காரைவிட்டு எதில் போவது? அரசு டிசம்பரில் அந்த வரியேற்றத்தைக் கைவிட்டது.

வேலைக்குப் போகும் செலவை யார் தாங்குவது என்பதும் இதோடு சேர்ந்தது. பிரேசிலில் 1985 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. தொழிலாளியின் அடிப்படைச் சம்பளத்தில் 6 விழுக்காட்டுக்கு மேல் பஸ் செலவு போனால் மிச்சத்தை முதலாளி கொடுக்க வேண்டும். இந்த வரியைப் படித்தபோது மறுபடி அந்தத் தாளை எடுத்தேன். 90-இல் 6 விழுக்காடு 5 தினார் 400 ஃபில்ஸ். மிச்சம் 7 தினார் 600 ஃபில்ஸை அவருடைய முதலாளி கொடுத்திருக்க வேண்டும், மாதா மாதம். அந்தத் தொகையில் எழுபது லிட்டருக்கு மேல் பெட்ரோல் போடலாம் என்ற கணக்கும் தானாக மனத்தில் ஓடியது.

"நீயே ஒரு பட்டியல் போடு, அனுப்புகிறேன்" என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். போட ஆரம்பித்திருக்கிறேன். லிட்டர் விலை அதில் கடைசி நிரலில்தான் வரும். அதற்கு முன்னால், சம்பளத்தில் எத்தனை விழுக்காடு பயணத்துக்குப் போகிறது, இரவுப் பணி முடிந்து வருகிறவருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, நிறுத்தத்தில் கூரை இருக்கிறதா, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று நிரல்கள். ஒவ்வொரு ஊரிலும் காரில்லாமல் வேலைக்குப் போகும் ஒருவரைக் கேட்டுத்தான் நிரப்புவது என்று வைத்திருக்கிறேன். லாகோஸ் வரிசை நிறைந்துவிட்டது. சிங்கப்பூருக்கும் ஆள் கிடைத்துவிட்டார்.

குவைத்துக்கு அவரையே கேட்டேன். அதே அலுவலகம், அதே நிறுத்தம். ஒரு வாரம் நிற்கும் நேரத்தைக் குறித்துத் தருகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று காலையில் ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். சனி 25 நிமிடம். ஞாயிறு 40. திங்கள் 15. செவ்வாய் 30. புதன் 55. வியாழன் 20. புதனுக்கு எதிரே மட்டும் சின்ன எழுத்தில், "ஐஸ் போயிற்று. அடுத்தவர் பாட்டிலில் குடித்தேன்" என்று எழுதியிருந்தது.